மாதங்கியின் படத்தில் அரசியல் எங்கே இருக்கிறது?

கொழும்பில் ஊடகக் கற்கை படிக்கும் ஒரு மாணவியின் கேள்விக்கு எழுதும் பதில் இது. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகி மாதங்கி அருள்பிரகாசத்தின் வாழ்க்கையைச் சொல்லும் ‘மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.’ ஆவணப்படத்தை அந்த மாணவியின் வகுப்பில் காட்டியிருக்கிறார்கள். படம் முடிந்ததும் வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சிக்கு அது புலிப் பிரசாரம். மற்றக் கட்சிக்கு அது ஒரு நட்சத்திரம் தன்னைத்தானே படம் பிடித்து ரசித்துக்கொண்ட கதை. படத்தின் கொள்கை என்ன, சமூகத்தைப் பற்றி அது உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு கட்சிக்காரர்களும் அந்தப் பாடகியைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த அபிப்பிராயத்தைத்தான் வகுப்பில் கொட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகப்பன் கொள்கையாக வைத்திருந்த ஒன்று மகளின் கையில் சின்னமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆனால் தான் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது படத்துக்கே தெரியாது.

படம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இயக்குநர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ், லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில், மாயா என்று அழைக்கப்படும் மாதங்கியோடு படித்த நண்பர். மாயா பாடகியாக வருவதற்கு முன்னால் படமெடுக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். கையில் கமரா வந்த நாளிலிருந்து வீட்டையும், உறவுகளையும், தன்னையும் பதிவு செய்துகொண்டே இருந்தார். பல நூறு மணி நேரம் நீளும் அந்தப் பதிவுகளைத்தான் அவர் நண்பரிடம் கொடுத்தார். வேலை இழுபட்டது. 2013இல் வெறுத்துப்போன இயக்குநர் முன்னோட்டத்தைத் தானே இணையத்தில் கசியவிட்டு, இனி இந்தப் படமே வேண்டாம் என்று அறிவித்தார். பிறகு மனம் மாறித் திரும்பி வந்து முடித்தார். 2018 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. மாயா முழுப் படத்தையும் முதன்முதலாகப் பார்த்தது அந்த விழாவில்தான். இசையைப் பற்றிய படமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். தன்னுடைய மிடுக்கையெல்லாம் கழற்றி வைத்துவிட்டார் என்ற பொருளில் நண்பரைப் பற்றி வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். தற்பெருமைப் படம் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்திலேயே பாதி அடிபட்டுப் போகிறது. தன்னைப் புகழ்ந்து எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்து யாரும் அப்படி முகம் சுழிப்பதில்லை.

இனி தகப்பனுக்கு வருவோம். மேற்கத்தையப் பத்திரிகைகள் பல காலம் அவரை ஒரே வரியில் ‘தமிழ்ப் புலி’ என்று எழுதின. அது தவறு. அருளர் என்று அறியப்பட்ட அருள்பிரகாசம், புலிகளிலிருந்து வேறான ஈரோஸ் (ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பு) இயக்கத்தின் ஆரம்பகாலத்தவர்களில் ஒருவர். 1975இல் லண்டனில், இளையதம்பி இரத்தினசபாபதி முதலானவர்களோடு உருவான இயக்கம் அது. மார்க்சியம் பேசியது. முதல் அணிகள் லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீனர்களிடம் பயிற்சி பெற்றன. மற்ற இயக்கங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டிய முக்கியமான வேறுபாடு மலையகம். வடக்கு, கிழக்கு என்று மட்டும் ஈழத்தை வரைந்தவர்களுக்கு நடுவில், தோட்டத் தொழிலாளரையும் அவர்கள் வாழும் மலைகளையும் சேர்த்துச் சிந்தித்தது ஈரோஸ். அந்த வரைபடம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது வேறு விவாதம். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்துக்கு வெளியேயும் தமிழர் இருக்கிறார்கள் என்பதை ஒரு கொள்கையாகவே எழுதி வைத்தார்களே, அது சின்ன விஷயமில்லை.

அருளர் ஒரு நாவலும் எழுதினார். ‘லங்கா ராணி’ என்று பெயர். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். 1977 ஆவணி வன்முறையில் வீடு வாசல் இழந்த கொழும்புத் தமிழரை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன கப்பலின் பெயர் அது. நாவல் அந்தக் கப்பலிலேயே நடக்கிறது. அடிபட்டவர்கள், அரச ஊழியர்கள், இளைஞர்கள் எல்லாரும் ஒரே தளத்தில் கிடந்து, நமக்கு ஏன் இது நடந்தது, இனி என்ன செய்வது என்று வாதாடுகிறார்கள். இலக்கியமாக அது எந்தத் தரம் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் துண்டுப்பிரசுரம் போலப் பேசுகின்றன. ஆனாலும் அங்கே அரசியல் என்பது வாதம். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு தமிழ்த் தேசியத்தைப் பற்றி யோசிக்காமல் இருந்தவருக்கும் அந்தக் கப்பலில் ஓர் இடம் இருக்கிறது.

மகளுக்கு இதில் எவ்வளவு வந்து சேர்ந்தது? அவர் 1975இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது யாழ்ப்பாணம் வந்தார். தகப்பன் இயக்க வேலையில் தலைமறைவு. வீட்டுக்கு எப்போதாவது வந்து போகும் மனிதர். 1986இல் தாய் பிள்ளைகளோடு லண்டனுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். தகப்பன் கூடப் போகவில்லை. ஆக, மாயாவுக்குக் கிடைத்தது தகப்பனின் வாதங்கள் அல்ல, தகப்பனைப் பற்றிய கதைதான். படத்தில் சகோதரர்கள் தகப்பனைப் பற்றிப் பேசும் பகுதி ஒன்று உண்டு. அவர் இல்லாமல் போனதன் கசப்பு மற்றவர்களிடம் வெளிப்படையாகத் தெரிகிறது. மாயா மட்டும் அவருக்காக வாதாடுகிறார். அவரால்தான் நமக்கென்று ஒரு கதை இருக்கிறது என்பது அவருடைய கட்சி. முழுப் படத்திலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடம் இது. இயக்கங்களுக்குப் போன தகப்பன்மாரின் வீடுகளில் இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவருக்குத் தகப்பன் போராளி, இன்னொருவருக்கு வீட்டைக் கைவிட்டவர். படம் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

பிறகு அவர் கலைஞராகிறார். கல்லூரி முடிந்தபின் வரைந்த அச்சுப் படங்களிலும், முதல் பாடல்களின் காட்சிகளிலும், 2005இல் தகப்பன் பெயரையே தலைப்பாக வைத்து வந்த ‘அருளர்’ அல்பத்தின் அட்டையிலும் துப்பாக்கியும் டாங்கியும் பனை மரமும் புலியும் பளபளக்கும் நிறங்களில் வந்து நிற்கின்றன. கொஞ்சம் நின்று யோசியுங்கள். தகப்பன் ஈரோஸ்காரர். மகள் தூக்கிய சின்னம் புலி. 1986இல் டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற மற்ற இரண்டு இயக்கங்களைப் புலிகள் அடித்து நொறுக்கினார்கள். ஈரோஸ் அந்த ஆண்டு தப்பியது. 1990இல் அதன் பெரும்பகுதி புலிகளுக்குள் கரைந்து காணாமல் போனது. தகப்பனின் அமைப்பை விழுங்கிய அமைப்பின் அடையாளத்தை வைத்துத்தான் மகள் தகப்பனை நினைவுகூர்கிறார். படத்தில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. லண்டனில் வளர்ந்த பிள்ளைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட இயக்கங்களின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் விரும்பவில்லை. புலம்பெயர்ந்த சமூகத்தில் ஒரு தலைமுறையே இப்படித்தான் வளர்ந்தது. வாதங்கள் தமிழில் இருந்தன, பழைய சஞ்சிகைகளில் இருந்தன, செத்துப் போனவர்களிடம் இருந்தன. சின்னத்துக்கு மொழி தேவையில்லை. ரீசேர்ட்டில் அச்சடிக்கலாம்.

பிரசாரம் என்று சொன்ன உங்கள் வகுப்புத் தோழர்களுக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. லண்டனில் ரீசேர்ட்டில் இருக்கும் புலி வேறு, கொழும்பில் வாழ்ந்தவனுக்குப் புலி வேறு. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக்கு முன்னால் புலிகள் வெடிக்கவைத்த லொறியில் 91 பேர் செத்தார்கள். வேலைக்குப் போனவர்கள், வீதியில் நடந்தவர்கள், சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லாரும்தான். அன்று பின்னேரமே வெள்ளவத்தையில் தமிழ் வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. இனி யார் வந்து தட்டுவார்களோ என்ற பயம். அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால் பொலிஸ்காரர் பெயரை வாசிக்கக்கூடத் தேவையில்லை. சிங்களவரின் அட்டையில் ஒரு மொழி மட்டும் இருக்கும், நம்முடையதில் இரண்டு. இரண்டு மொழியைக் கண்டவுடன் பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்வார்கள். வீட்டில் தங்கியிருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய தாளை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரிலிருந்து மாமி வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் பதிவுக்கு ஓடுவோம்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைத் தட்டி எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், மருந்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் மாதம் மாயாவின் இரண்டாவது அல்பம் வந்தது. அதில்தான் விசாவையும் கள்ளக் கடவுச்சீட்டையும் கேலி செய்யும் அந்தப் புகழ்பெற்ற காகித விமானப் பாட்டு இருக்கிறது. துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாக வரும் பாட்டு. குடிவந்தவனைக் கண்டாலே கொள்ளைக்காரன் என்று நினைக்கிறீர்களே, சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்ற நையாண்டி அது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடியபோது துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கிவிட்டார்கள். அமெரிக்க விசா இழுபட்ட எரிச்சலில் எழுதிய அந்தப் பாட்டை வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்து கேட்பவனுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. புலி அச்சு எங்களை அந்நியப்படுத்தியது என்றால், இந்தப் பாட்டு எங்களைத் தொட்டது. ஒரே கலைஞரிடம் இரண்டும் இருக்கின்றன. படத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள்.

படம் உண்மையில் வலுவாகப் பேசும் விஷயம் ஈழம் அல்ல. யாருக்குப் பேச உரிமை இருக்கிறது என்பதுதான். இயக்குநர் நண்பரே அவரிடம் கேட்பதும் அதுதான்: பேசாமல் பாடிவிட்டுப் போனால் என்ன? அகதி என்றால் அழ வேண்டும். நட்சத்திரம் என்றால் சிரிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக வந்து நின்றால் தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. 2009 பெப்ரவரி 8ஆம் திகதி, நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் அமெரிக்காவின் பெரிய ராப் பாடகர்களோடு ஆடுகிறார். மூன்று நாளில் குழந்தை பிறக்கிறது. ரஹ்மானோடு சேர்ந்து பாடிய பாட்டுக்கு ஒஸ்கார் பரிந்துரையும் அதே பருவத்தில்தான். அதே வாரங்களில் வன்னியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது செல் விழுந்துகொண்டிருக்கிறது. உலகம் முழுவதும் ஒலிவாங்கியை அவர் முன்னால் நீட்டிய நேரமும், அவருடைய ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அவர் பேசினார். நேர்காணல் செய்தவர்கள் உடையைப் பற்றியும் உச்சரிப்பைப் பற்றியும் கேட்டார்கள், அல்லது பேச்சை மாற்றினார்கள். இனப்படுகொலை என்று அவர் சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்றார்கள். 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, இறுதிக் கட்டத்தில் கொல்லப்பட்ட பொதுமக்களின் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என்று எழுதியது. அதற்குப் பிறகும் அந்தத் தொலைக்காட்சிகளில் யாரும் அவரைத் திரும்ப அழைத்து வருத்தம் தெரிவித்ததாக நான் பார்க்கவில்லை.

2010இல் செந்நிற முடிக்காரர்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போய்க் கொல்வதாகக் காட்டும் ஒரு பாடல் காட்சி வெளிவந்தது. ரொமான் காவ்ராஸ் இயக்கியது. பார்க்கவே முடியாத கொடுமை என்று எங்கும் கூச்சல். இதற்குச் சில மாதங்கள் முன்பு, 2009 ஓகஸ்டில், கைகள் கட்டப்பட்ட கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காணொளி ஒன்றைப் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியிருந்தது. அந்த உண்மைக் காட்சிக்கு எழாத கூச்சல், நடிகர்களை வைத்து எடுத்த காட்சிக்கு எழுந்தது. வெள்ளைத் தோல்காரப் பையன் ஓடினால்தான் பார்ப்பவனுக்கு மூச்சு வாங்குகிறது. கொள்கை சின்னமாகச் சுருங்கிவிடுகிறது என்று மேலே சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இது. இங்கே அவர் சொன்னதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லியிருக்க முடியாது.

வர்க்கம் பற்றிய பகுதிதான் வேடிக்கை. அதே 2010இல் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த காளான் வாசனை எண்ணெய் போட்ட உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறிக்கிறார் என்று ஒரு குத்தல் வரி அதில் இருந்தது. அவர் அப்போது பெரிய செல்வந்தக் குடும்பத்தின் வாரிசு ஒருவருடன் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த முரண்பாட்டைச் சுட்டத்தான் பொரியல். பொரியலை வரவழைக்கச் சொன்னதே கட்டுரையாளர்தான் என்பதற்கு மாயா ஒலிப்பதிவை வெளியிட்டார். பத்திரிகையும் ஒரு திருத்தக் குறிப்புப் போட வேண்டி வந்தது. அதோடு நிற்காமல் கட்டுரையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் அவர் ஊருக்கெல்லாம் தெரியப்படுத்தியது சின்னப்பிள்ளைத்தனம். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. லண்டனின் தெற்கே மிட்சத்தில் அரசாங்கக் குடியிருப்பில், தையல் வேலை செய்த தாயிடம் வளர்ந்த பிள்ளை வசதியாகிவிட்டால், தான் கண்டதைச் சொல்லும் உரிமையை வரி கட்டி ஒப்படைத்துவிட வேண்டுமா? கொழும்பில் இந்தக் கேள்வி நமக்கும் புதிதில்லை. குளிரூட்டிய கல்யாண மண்டபத்தில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே வன்னியைப் பற்றி உருகுபவர்களை எனக்கும் பிடிக்காது. அவர்கள் உருகுவது பொய் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

2012 சூப்பர் போல் என்ற அமெரிக்கக் காற்பந்து இறுதிப் போட்டியில் நடந்த விரல் விவகாரத்துக்குப் படம் நிறைய இடம் கொடுக்கிறது. மடோனாவின் மேடையில் ஒரு நொடி நடுவிரல். அதற்குப் போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டது. 2014இல் சமரசமாக முடிந்தது. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கோபம் இருந்தது, விரல் தூக்கினார். அந்த ஒரு நொடியைப் பெரிய கலகமாகக் காட்டப் படம் பாடுபடுகிறது, தேவையில்லை. இங்கே நம் வீடுகளில் அந்த நாள் நடந்தது இதைவிடச் சுவையானது. ரஹ்மானோடு பாடியதற்காக எங்கள் பிள்ளை என்று நெஞ்சு நிமிர்த்திய அதே மாமாக்கள், விரலைக் கண்டதும் அது லண்டன் பிள்ளை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

தாயைப் பற்றிப் படம் இன்னும் பேசியிருக்கலாம். இரண்டாவது அல்பத்துக்கு அவருடைய பெயர்தான், ‘கலா’. தகப்பன் புரட்சிக்குப் போனபோது புரட்சியின் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்டால் விடை ஒரு தையல் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. படம் வந்த பிறகு நடந்த ஒன்று இதற்கு உச்சம். 2019இல் பிரித்தானிய அரசு மாயாவுக்கு எம்.பி.இ. பதக்கம் அறிவித்தது. அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையைத் தன் தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறார் என்று மாயா அப்போது எழுதினார். பேரரசின் பெயரைத் தாங்கிய பதக்கத்துக்கு யாழ்ப்பாணத்து அகதிப் பெண் நாடா தைக்கிறார். மகள் அதை வாங்கி மாட்டிக்கொள்கிறார். லவ்ரிட்ஜ் இன்னும் இரண்டு ஆண்டு இழுத்தடித்திருந்தால் இது படத்தில் வந்திருக்கும். அதைத் தாண்ட எந்த விரல் காட்சியாலும் முடிந்திருக்காது.

இனிப் படம் வாயே திறக்காத விஷயங்கள். முதலாவது சாதி. மாயாவின் இசையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தோல் வாத்தியச் சத்தம். சென்னைக்குப் போய் உறுமியைப் பதிவு செய்து, லண்டன் இரவு விடுதிகளில் அதிர வைத்தவர் அவர். ‘கலா’ அல்பத்தின் முதல் பாட்டிலேயே ‘தளபதி’ படத்தின் இளையராஜா பாட்டிலிருந்து எடுத்த துண்டு ஒன்று வருகிறது. காட்டுக்குயில் மனசுக்குள்ளே எங்கே வந்து இறங்கியிருக்கிறது என்று கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். உறுமியையும் பறையையும் வாசித்தவர்களை யாழ்ப்பாணத்து நல்ல வீடுகள் எந்த வாசலில் நிறுத்தின என்பது நமக்குத் தெரியும். சாவீட்டுக்கு அழைத்து, படலைக்கு வெளியே நிற்க வைத்து, காசைத் தூக்கிப் போட்டார்கள். அந்தச் சத்தம் உலக மேடைக்குத் தமிழ் அடையாளமாகப் போனபோது, அதை வாசித்தவர்களின் கதை கூடப் போகவில்லை. இனத்தைப் பற்றி இவ்வளவு பேசும் படத்தில் சாதி என்ற பேச்சே இல்லை. லண்டன்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். மாயாவைச் சுற்றி இருந்த தமிழ்ப் பெரியவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2024இல் இம்தியாஸ் அலி எடுத்த ‘அமர் சிங் சம்கீலா’வைப் போட்டுப் பாருங்கள். 1988 மார்ச் 8ஆம் திகதி பஞ்சாபில் மனைவி அமர்ஜோத்தோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்ட தலித் பாடகரின் கதை. அங்கேயும் தீவிரவாதம், அரசு, ஆபாசம் என்ற கூச்சல் எல்லாம் உண்டு. ஆனால் நாயகனின் சாதி படத்தின் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாடலில் எது அசிங்கம் என்று தீர்மானிப்பவன் யார், அவன் எந்தத் தெருவில் வாழ்கிறான் என்று அந்தப் படம் கேட்கிறது. கலையாக அதில் எனக்குக் குறைகள் உண்டு. கடைசிப் பகுதியில் நாயகனைப் புனிதராக்கிவிடுகிறார்கள். இருந்தாலும் சமூகத்தைப் பார்ப்பதில் மாயாவின் படத்தைவிட அதற்குக் கண் அதிகம்.

இரண்டாவது, தமிழ் பேசும் மற்றவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் சில மணி நேர அவகாசம்தான். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டுப் போனார்கள், பெரும்பாலானோர் புத்தளத்துப் பக்கம். அகதி என்ற அனுபவத்தை மையமாக வைத்த படத்துக்குள் அந்த அகதிகள் நுழையவே இல்லை. மலையகமும் இல்லை. தகப்பனின் இயக்கம் வரைபடத்தில் சேர்த்த மக்கள் மகளின் படத்தில் காணவில்லை. ஒரு பாடகியின் தொண்ணூற்றுச் சொச்ச நிமிட வாழ்க்கைப் படத்தில் இலங்கை வரலாற்றையெல்லாம் அடைக்க முடியாதுதான். ஆனால் தமிழருக்காகப் பேசுகிறேன் என்று படம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தமிழர் யார் யார் என்ற கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். 2001இல் கமராவோடு அவர் இலங்கைக்கு வந்து உறவினர்களைப் பிடித்த பகுதியில் அதற்கான சந்தர்ப்பம் இருந்தது. அந்த வீடுகளின் மௌனங்களையும் தயக்கங்களையும் கவனித்துப் பாருங்கள். மேடைப் பேச்சுகளில் இல்லாத உண்மை அங்கே இருக்கிறது. வந்தவரின் ஆவேசத்துக்கும் இருந்தவர்களின் களைப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் பிரசாரம் என்ற வாதம் நிற்காது. பிரசாரத்துக்கு ஒரு திட்டம் வேண்டும், ஓர் அமைப்பு வேண்டும், பார்ப்பவனிடம் எதையாவது செய்யச் சொல்ல வேண்டும். இந்தப் படம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, என்னைக் கேளுங்கள் என்பதைத் தவிர. 2008இலேயே இலங்கைப் பின்னணி கொண்ட ஒரு ராப் பாடகர், மாயா பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று தனிப் பாட்டே போட்டுத் தாக்கினார். மாயா அதை மறுத்தார். அந்தச் சண்டையை அப்படியே உங்கள் வகுப்புக்குள் இறக்குமதி செய்யத் தேவையில்லை.

கட்டுரையாக எழுதுவதானால் படத்தின் பெயரில் உள்ள மூன்று ஆட்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுதாதீர்கள். எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தகப்பனைப் பற்றிச் சகோதரர்கள் பேசும் பகுதியையும், 2001 உறவினர் வீட்டுப் பகுதியையும் எடுத்து, அவற்றுக்குப் பக்கத்தில் ‘லங்கா ராணி’யின் ஏதாவது ஓர் உரையாடலை வைத்துப் பாருங்கள். இணையத்தில் நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கள், ஈழத்துப் பழைய புத்தகங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. வகுப்பில் சிங்கள நண்பர்கள் இருந்தால் அந்த உரையாடலில் இரண்டு பக்கத்தையாவது அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுங்கள். 1977இல் கொழும்பிலிருந்து கப்பல் ஏறியவர்கள் தங்களுக்குள் என்ன வாதாடினார்கள் என்று தெரிந்த பிறகு, புலி அச்சைப் பற்றி அவர்களோடு பேசுவது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.